நானூற்று நாற்பத்தொரு பிள்ளையார்

அறுநூறு அடித்தோம்.
கொடுத்து முடித்தது நூற்றெழுபது.
அதில் பதினொன்றை
வாங்கியவர்களே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள்,
இரவல் வாங்கிய இட்லிக்கொப்பரை மாதிரி.
மீதியோடு சேர்த்து எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுவது என் வேலை. பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கல்யாணம் நின்றதைக்காட்டிலும்
பத்திரிகையில் இருக்கிற பிள்ளையார்தான் கவலை.
குப்பையில் போடக்கூடாது, அடுப்பில் வைக்கக்கூடாது,
பழைய பேப்பருக்குப் போட்டால்
பஸ் ஸ்டாண்டில் வடை மடிப்பான்.
“ஆத்துல விட்டுருவோம்ளா” என்றாள்.
அம்பாசமுத்திரத்தில் விட்டால்
தாமிரபரணி சேரன்மகாதேவி வழியாகத்தான் போகும்.
அவன் வீடு அங்கே.
நானூற்று நாற்பத்தொரு பிள்ளையாரும்
அவன் வீட்டுப் படித்துறையில் போய் ஒதுங்குவார்கள்.
அம்மா யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்,
ஆடி மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன்.
முதலில் பிள்ளையார்கள்.
தும்பிக்கை அறுபடாமல் வளைத்து வெட்டி
பிஸ்கட் டின்னில் அடுக்கி
சாமி அலமாரியில் ஏற்றியாயிற்று.
அதன்பின் அது வெறும் அட்டை,
மூலையில் மஞ்சள் தடவிய நல்ல கெட்டி அட்டை.

தம்பி மாசானமுத்து வாசலில் நின்று பார்த்தான்.
“பைத்தியம் புடிச்சிட்டா ஒனக்கு?”
“மைதா மாவு இருக்கா பாரு. பசை கிண்டணும்.”

பேனா தாங்கி, மேனேஜர் மகளுக்கு ஹேர்பின் பெட்டி,
மொய்க்கவர் முப்பது
(ஒரு ரூபாய் ஒட்டத் தனி இடம் விட்டு).
மாப்பிள்ளை பெயர் இருந்த துண்டுகளை மட்டும்
நீள முக்கோணமாக நறுக்கி
சைக்கிள் கம்பியில் இறுக்கிச் சுருட்டினேன்.
படித்த படிப்பு, கம்பெனி, பெங்களூரு எல்லாம்
ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போய்
ஒரு பாசிமணி ஆயிற்று.
கோத்தால் கண்ணுக்குத் தெரிவது
நூல் நுழைகிற ஓட்டை.
அடுப்படி வாசலுக்கு ஒரு திரை வந்தது.
யார் உள்ளே போனாலும் கலகலவென்கிறது. பல்லி பயப்படுகிறது.

ஜெபராணி விக்கிரமசிங்கபுரத்தில் வீடு கட்டினாள்.
கடைசி வாரம், கையில் காசு கிடையாது.
ஒடிந்த குடையின் கம்பிகளைக் கழற்றி வளைத்து
பத்திரிகைக்குள் இருந்த மெல்லிய தாள்களை ஒட்டி
விளக்குக் கூண்டு செய்தேன்.
எழுத்துப் பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே.
பகலில் பார்க்க வெள்ளைப் பூசணி.
கொடுத்துவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டு
கடைசி பஸ்ஸில் வந்துவிட்டேன்.

பத்தரைக்கு போன்.
“அக்கா, லைட்டப் போட்டா எழுத்து தெரியுது.”
எனக்குக் காது சுட்டது.
“என்ன எழுத்து?”
“திருப்பித் திருப்பி இருக்கு, கண்ணாடில பாக்குத மாதிரி.
இருங்க… சு… ற்ற… மும்…
சுற்றமும் நட்பும்.”
பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்,
குழந்தைகள், ஒரு ஆணின் இருமல்.
“இங்கன ஒரு பேரும் இருக்குக்கா.”
“யார் பேரு?”
“ஒங்க பேருதான். உலகம்மாள்னு.
அணைச்சிரட்டுமா?”

பாசித்திரை காற்றில் ஒரு தரம் ஆடியது.
எவ்வளவு பேர் இன்னும் அங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
இருபது இருபத்தஞ்சு இருக்கும் என்றாள்.
பாய் விரித்துப் படுக்கப் போகிறார்களாம்.
“எரியட்டும்ளா. ராத்திரி எந்திக்கவங்களுக்கு வழி தெரியும்.”

மறுநாள் ஆபீசில் மூன்று பேர்
அதேபோல் விளக்கு வேண்டும் என்றார்கள்.
எழுத்தோடயா, எழுத்தில்லாமலா என்று கேட்டேன்.
எழுத்தோட.
தாள் கிடக்கிறது, இன்னும் நூற்றுக்குமேல்.
கம்பிக்குத்தான் தட்டுப்பாடு.
வீட்டுக்கு வந்து சொன்னேன்.
அம்மா பேசாமல் எழுந்து போய்
தன் நல்ல குடையை
அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.